ஏர் ஸ்க்ரூவில் ஒரு செகப்புப் பொட்டு

ஆஃப் பண்ணாதீங்க தம்பி. ஓடட்டும். ஓடுனாத்தான எனக்குக் கேக்கும். கொஞ்சம் ரேஸ் குடுங்க. இன்னும் குடுங்க. இப்ப டக்குனு விடுங்க. ம். கேட்டுச்சா? சைலன்சருக்குள்ள பட் பட் பட்னு அடிக்குதா? ரேஸை விட்டப்புறமும் எறங்காம ஓன்னு கத்திக்கிட்டே நிக்குதா? மலையில இருந்துதான வர்றீங்க? கொடைக்கானலா? அதுக்கும் மேல மன்னவனூரா? நெனச்சேன். நீங்க சொல்லவே வேண்டாம், வண்டியே சொல்லுது. அந்த வெறுவாக்கலங்கெட்ட பய கை வெச்ச வண்டி. அவன் கை விளங்காமப் போக!

சரி, இப்ப ஆஃப் பண்ணிட்டு வந்து உக்காருங்க. டயர் மேல உக்காராதீங்க, பேண்ட்டு பூரா கரியாகும். அந்தா பெஞ்சு கெடக்கு. நான் கத்துறேன்னு பயப்படாதீங்க, உங்க மேல இல்ல. நீங்க என்ன பண்ணுவீங்க பாவம். கழுத்துல கார்டு தொங்குது, பேங்க் வேலையா? மேல இருக்குற கெளையிலயா? சனி ஞாயிறு ஊருக்குப் போறீங்க, திங்கக்கெழமை மலையேறணும். அதுக்கு ஒரு வண்டி. அந்த வண்டிய நம்பி ஒரு மெக்கானிக்குகிட்ட குடுக்குறீங்க. அவன் இப்டிப் பண்ணி அனுப்புறான். கேட்டா அவனும் மெக்கானிக்காம்!

இல்ல இல்ல, இருங்க, நான் பேசிக்கிறேன். நீங்க அப்பறம் சொல்லுங்க.

இந்த பிளக்கக் கழட்டுறேன், பாருங்க. கையில தொடாதீங்க, சுடும். என்ன நெறத்துல இருக்கு? சுண்ணாம்பு பூசுன மாதிரி வெளுத்துக் கெடக்கா? கார்பரேட்டர்ங்கிறது ஒண்ணும் பெரிய வித்தையில்ல தம்பி. பெட்ரோலையும் காத்தையும் கலந்து இஞ்சினுக்குக் குடுக்கும், அம்புட்டுத்தான். பெட்ரோல் கூடிப்போச்சுன்னா வண்டி கரும்புகை கக்கும், பிளக்கு கரி புடிக்கும், ஏத்தத்துல இழுக்காது. காத்து கூடிப்போச்சுன்னா இப்டி பட்பட்னு அடிக்கும், இஞ்சின் கொதிக்கும், பிளக்கு வெளுத்துப் போகும். இப்டியே மதுரை வரைக்கும் ஓட்டிட்டுப் போனீங்கன்னு வைங்க, போற வழியிலயே பிஸ்டன் சிக்கி இஞ்சின் நின்னாலும் நின்னுரும். என் கையால ட்யூன் வெச்ச வண்டியில பிளக்கக் கழட்டிப் பாருங்க. பிளக்கு பிஸ்கட்டு நெறத்துல இருக்கும். இந்த காட்ரோட்டுல யார வேணும்னாலும் கேளுங்க, சீலமுத்து வெச்சா நிக்கும்னு சொல்லுவாக. அது என் பேரு. அந்தப் பேரத்தான் அவன் கெடுக்குறான்.

இங்க குனிஞ்சு பாருங்க. இந்தச் சின்னப் பித்தளை ஸ்க்ரூ தெரியுதா? இதுக்குப் பேருதான் ஏர் ஸ்க்ரூ. வெளிய திருப்புனா காத்து கூடும், உள்ள திருப்புனா கொறையும். இதோட தலையில செகப்பா என்னமோ இருக்கா? பக்கத்துல பாடியில அதே மாதிரி இன்னொண்ணு, ரெண்டும் நேருக்கு நேரா? அதாவது, நான் இந்த எடத்துலதான் வெச்சேன், எவனாச்சும் திருப்புனா எனக்குத் தெரிஞ்சிரும்னு அடையாளம் வெச்சிருக்கான். எதுல வெச்சிருக்கான் தெரியுமா? மோந்து பாருங்க. நகப்பாலிஷ்! நகப்பாலிஷ் தம்பி! ஒரு ஆம்பளை செய்யுற வேலையா இது? நானும் அடையாளம் வெப்பேன், மஞ்சப் பெயிண்ட்டுல. அது எங்கடைப் பழக்கம். இந்த ரோட்டுல வேற எவனும் வெக்க மாட்டான். அதையும் எங்கிட்ட இருந்துதான் திருடியிருக்கான். என் மக சொல்லிக் குடுத்திருப்பா.

யாருன்னா கேக்குறீங்க? என் மருமகன். வாயில நல்லா வருது எனக்கு. பூபதின்னு பேரு. மன்னவனூரு.

மேல இருந்து எறங்குற வண்டி பூராத்துலயும் இந்தச் செகப்புப் பொட்டு. நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? மொதல்ல பெட்ரோல் தொட்டு அந்தப் பொட்ட அழிப்பேன். துடைச்சு எறிஞ்சுட்டு, என் எடத்துல வெச்சு, மஞ்சப் பெயிண்ட்டு வெச்சு அனுப்புவேன். அதே வண்டி மேல போயிட்டுத் திரும்பி வரும். மஞ்சளக் காணோம், செகப்பு இருக்கும். நான் செகப்ப அழிப்பேன். இப்டியே போகுது. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பித்தளை ஸ்க்ரூ தேஞ்சு போகுது பாவம்.

அதுலயும் ஒரு நக்கலு பாருங்க. இந்த ரோட்டுல என் கடை மட்டுமா இருக்கு? எறங்குன உடனே ஒரு கடை இருக்கு, பங்க்குக்கு எதுத்தாப்ல ஒரு கடை இருக்கு, பெரிய போர்டு போட்டு ஏசி வெச்ச கடை ஒண்ணு இருக்கு. அதெல்லாம் தாண்டி, செகப்புப் பொட்டு வெச்ச வண்டி எல்லாம் கரெக்ட்டா எங்கடை வாசல்ல வந்து நிக்குது. வேணும்னே அனுப்புறான். பாருங்க மாமா, உங்க செட்டிங்கக் கலைச்சிட்டேன்னு காட்டுறதுக்கே அனுப்புறான். எப்பேர்ப்பட்ட திமிரு!

வர்ற ஆளுகளும் ஒரு தினுசாத்தான் இருக்காய்ங்க. அன்னைக்கு ஒரு காரட் வியாபாரி வந்தாரு. வேலை முடிஞ்சு கெளம்புறப்ப என்னை மேலயும் கீழயும் பாக்குறாரு. ஏண்ணே, ஒடம்பு நல்லா இருக்கா, இருமல் எப்டி இருக்குங்கிறாரு. எனக்கு இருமல் இருந்தா இவருக்கு என்ன வந்துச்சு? இன்னொருத்தன் ஒரு பாட்டில்ல மலைத்தேனக் குடுத்துட்டுப் போறான். காலையில வெந்நியில போட்டுக் குடிங்க, நெஞ்சுக்கு நல்லதுங்கிறான். யாருய்யா நீன்னேன். சும்மாண்ணேன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான். மலை ஏறுனா புத்தி இப்டித்தான் ஆகும் போல.

இருங்க, இந்த பிளக்க பிரஷ் போட்டுத் தேய்க்கணும்.

அவன் எப்டி மருமகன் ஆனான்னு கேளுங்க. வண்டி சரி பண்ண வந்தவன்தான். ஒங்கள மாதிரித்தான் வந்து இந்த பெஞ்சுல உக்காந்தான். நல்லாத்தான் ட்யூன் பண்ணிக் குடுத்தேன். வத்தலகுண்டு வரைக்கும் நானே ஓட்டிப் பாத்தேன், தண்ணி மாதிரிப் போச்சு. ரெண்டு நாள் கழிச்சு வந்து நிக்குறான். அண்ணே, பெருமாள்மலை தாண்டுனா வண்டிக்கு மூச்சுத் திணறுது, கரும்புகை தள்ளுது, இழுக்க மாட்டேங்குதுங்கிறான். சரின்னு மறுபடி பாத்தேன். பிளக்குல கரி. என்னடா இது, நான் வெச்சது இப்டி ஆகாதேன்னு துடைச்சு, மறுபடி வெச்சு, மறுபடி வத்தலகுண்டு வரைக்கும் ஓட்டிப் பாத்தேன். கொறையே இல்ல. அனுப்புனேன். மறுபடியும் வந்து நிக்குறான்! காட்ரோட்டுக்கும் மன்னவனூருக்கும் அவன் அலைஞ்ச மாதிரி பஸ்ஸு கூட அலைஞ்சிருக்காது.

மேல போய் ஓட்டிப் பாத்தீங்களான்னா? நானா? நான் மலை ஏற மாட்டேன் தம்பி. எனக்கு ஒத்துக்காது. மூணாவது கொண்டை ஊசி வளைவுலயே கொடலப் புடுங்கிரும். பள்ளிக்கூடத்துல படிக்கிறப்ப டூர்னு கூட்டிட்டுப் போனாக. டம் டம் பாறை வர்றதுக்குள்ள நான் வாந்தியெடுத்ததுல வாத்தியார் என்னை எறங்குற லாரியில ஏத்தி வீட்டுக்கு அனுப்பிட்டாரு. அன்னைக்கு எறங்குனவன்தான். மலையடிவாரத்துலயே கடை வெச்சேன், கல்யாணம் முடிச்சேன், தலை நரைச்சுப் போச்சு. மேல ஏறுனதில்ல. எதுக்கு ஏறணும்? வண்டி மேல ஓடுனாலும் கீழ ஓடுனாலும் வண்டிதான? மலைக்குன்னு தனியா ஒரு பெட்ரோலா விக்கிறாய்ங்க?

அப்ப எனக்குச் சந்தேகம் வந்துச்சு. இந்தப் பய போற வழியில ஸ்க்ரூவ அவனே கலைச்சுட்டு வர்றான். எதுக்குன்னா, எம் மகளப் பாக்க. நாகஜோதின்னு பேரு. ஒரே பிள்ளை. காலேஜு முடிச்சுட்டு வீட்டுல இருந்தா. வீடு இந்தா, கடைக்குப் பின்னாடி. ஒரு பொம்பளப் பிள்ளைக்கு இஞ்சின் சத்தத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல, சின்னதுல இருந்தே கடையிலயே கெடப்பா. நான் சொல்லிக் குடுத்ததில்ல. போய் அம்மாகூட இரு கழுதைன்னு வெரட்டத்தான் செஞ்சிருக்கேன். அடுப்படியில இருந்தே கத்துவா, அப்பா அந்த வண்டிக்குக் காத்து தூக்கலா இருக்கு, ஒரு நூல் உள்ள திருப்புங்கன்னு. அதிகப்பிரசங்கின்னு திட்டிட்டு, அவ அங்கிட்டுப் போனப்புறம் திருப்பிப் பாப்பேன். சரியாத்தான் இருக்கும். அது வேற விஷயம்.

அன்னைக்கு நடந்ததச் சொல்றேன். கடை நெறைய ஆளு. லாரிக்காரய்ங்க ரெண்டு பேரு, பஞ்சாயத்துத் தலைவரு, பேப்பர் படிக்க வர்ற பென்ஷன் வாத்தியாரு. இவன் வந்து நிக்குறான், அண்ணே மறுபடியும் கரும்புகைங்கிறான். எனக்கு சுருக்குனு ஏறிருச்சு. ஏன்டா, வண்டியில கோளாறா ஒங்கிட்ட கோளாறான்னு கேட்டேன். அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். இவ உள்ள இருந்து வர்றா. ஈரக் கையத் துடைச்சுக்கிட்டே வர்றா. வந்து அத்தனை பேரு முன்னாடி சொல்றா, அப்பா, தப்பு அவர்கிட்ட இல்லப்பா. மேல காத்துக் கம்மி. காத்துக் கம்மியான எடத்துல நீங்க இங்க வெச்ச கணக்கு ஒத்து வராது. பெட்ரோல் கூடித்தான் போகும். அங்க ஓடுற வண்டிக்கு ஸ்க்ரூவ இன்னும் வெளிய திருப்பித்தான் வெக்கணும்ங்கிறா.

நீங்களே சொல்லுங்க தம்பி. மலையில காத்துக் கம்மியாம்! ஊரு ஒலகம் பூரா காத்து வாங்க எங்க போகுது? கொடைக்கானலுக்குத்தான போகுது! சென்னையில இருந்து, பெங்களூருல இருந்து, காரு போட்டு, ரூம் போட்டு, பிள்ளைகுட்டியோட போறாய்ங்களே, என்னத்த வாங்கப் போறாய்ங்க? காத்து! நெஞ்சு நோயாளிய டாக்டரு எங்க போயி இருக்கச் சொல்றாரு? இந்தக் காட்ரோட்டுல உக்காரவா சொல்றாரு? அங்க நிக்குற மரமெல்லாம் பின்ன என்ன, விசிறி வெச்சா ஆடுது? இத்தனையும் கேட்டேன். அத்தனை பேரும் சிரிச்சாய்ங்க. வாத்தியாரு மட்டும் சிரிக்கல, இல்லப்பா, பாப்பா சொல்றதுலயும்னு என்னமோ ஆரம்பிச்சாரு. நீங்க பேப்பரப் படிங்க சார்னுட்டேன்.

அவளும் விடல. நீங்க ஒரு தடவை மேல வந்து பாருங்கப்பா, வந்து நீங்களே ட்யூன் பண்ணிப் பாருங்க, அப்பறம் பேசுங்கங்கிறா. நான் வாந்தியெடுக்குறது ஊருக்கே தெரியும். அத்தனை பேரு முன்னாடி என்னை வா மலைக்குன்னு கூப்புடுறா. எனக்குக் கண்ணு தெரியல. அவன் பேச்சுதான் ஒனக்குப் பெருசா இருந்தா அங்கயே போ, அங்கயே போயி அவன் வண்டிக்குக் காத்த அடிச்சுக்கிட்டு இருன்னு சொல்லிப்புட்டேன்.

போயிட்டா.

ஒரு பேச்சுக்குச் சொன்னா போயிருவாளா? எந்த அப்பன் கோவத்துல பேச மாட்டான்? அந்த வாரமே போயி குறிஞ்சியாண்டவர் கோயில்ல வெச்சுத் தாலி கட்டிக்கிட்டா. அப்பதான் எனக்கு உறுதியாச்சு, அவன் சும்மா அலையலன்னு. எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே கட்டி வெச்சிருப்பேன். சாதி பாத்துத்தான் சீலமுத்து முறுக்கிக்கிட்டு இருக்கான்னு ஊருல பேசுறாய்ங்க. நான் சாதி பாக்குற ஆளா? கொஞ்சம் பாத்திருப்பேன். ஒரு மாசம் ரெண்டு மாசம் கத்தியிருப்பேன். அது வேற விஷயம். என் கோவம் அது இல்ல தம்பி. எங்கடையில நின்னு, என் ஏர் ஸ்க்ரூ தப்புன்னு சொன்னா பாருங்க, அதான். நீங்க வெச்சதுதான் சரிப்பான்னு அவ வாயால சொல்ற வரைக்கும் நான் அவ மூஞ்சியப் பாக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். அவளும் எறங்கல.

என் பொண்டாட்டி இருக்காளே, பேச்சியம்மா, அவ மாசாமாசம் கோயிலுக்குப் போறேன்னு பஸ் ஏறுறா. எந்தக் கோயிலுன்னா குறிஞ்சியாண்டவராம். திரும்பி வர்றப்ப பை நெறைய மலைப்பூண்டு. ஏன்டி, எந்தச் சாமிடி பூண்டு பிரசாதம் குடுக்குதுன்னு கேட்டா, பேசாம உரிச்சுப் போட்டுக் கொழம்பு வெக்கிறா. நானும் திங்கிறேன். என்ன பண்றது, கொழம்பு நல்லா இருக்கு.

சரி வாங்க, பிளக்க மாட்டியாச்சு. ஸ்டார்ட் பண்ணுங்க. இஞ்சின் சூடா இருக்குறப்பத்தான் இந்த வேலை பாக்கணும், ஆறிருச்சுன்னா ஏமாத்திரும். மொதல்ல இந்தப் பொட்ட அழிச்சிருவோம். அந்தத் துணிய எடுங்க. இப்டி ஊரு வண்டிய எல்லாம் கெடுக்குறானே, அந்தப் பூபதிப் பய கையில புத்து வெக்க, அந்தக் கை அழுகிப் போக, அந்தக் கை...

ஏன் தம்பி கையப் புடிக்கிறீங்க?

என்ன?

யாரு?

பொம்பளப் பிள்ளையா? ஒங்க வண்டியப் பாத்தது பொம்பளப் பிள்ளையா? வண்டிய ஆஃப் பண்ணுங்க. ஆஃப் பண்ணுங்கங்கிறேன். எனக்கு ஒண்ணும் கேக்கல.

பூபதி இல்லையா? பூபதி கடையில இருக்குறதே இல்லையா? பூண்டு லோடு ஓட்டுறானா? ஸ்பேனரு புடிக்கவே தெரியாதா அவனுக்கு? பின்ன யாரு கடை அது? எப்டி இருந்தா? கண்ணாடி போட்டிருந்தாளா? திருப்புளிய எந்தக் கையில புடிச்சா, இடது கையிலயா? ரேஸ் குடுக்கச் சொல்லிட்டுக் கண்ண மூடிக்கிட்டாளா? தலைய இப்டிச் சாச்சு?

சாச்சாளா?

கொஞ்சம் இருங்க. தண்ணி குடிச்சுக்கிறேன்.

ஏன்யா இத மொதல்லயே சொல்லல? வந்து எம்புட்டு நேரமாச்சு! நான் எங்க பேச விட்டேனா? பேச விடலன்னா கத்திச் சொல்ல வேண்டியதுதான? நான் பாட்டுக்கு அந்தக் கைய... ஐயோ. எத்தனை வண்டி, எத்தனை ஆளு முன்னாடி. கை விளங்காமப் போக, கை அழுகிப் போகன்னு. பெத்த வாயி தம்பி இது. குறிஞ்சியாண்டவா, நான் பூபதியத்தான் வைஞ்சேன், ஒனக்குத் தெரியும். அவனையும் இல்ல, அவனுக்கும் ஒண்ணும் ஆக வேண்டாம். அந்தக் கை நல்லா இருக்கட்டும். விளங்கட்டும். கையில ஒண்ணும் காயம் கீயம் இல்லையே? நீங்க பாத்தீங்கள்ல? சைலன்சர்ல சுட்டுக்குவா எப்பவும், பாக்காம கைய வெச்சிருவா. நல்லாத்தான இருந்துச்சு? மருதாணி போட்டிருந்தாளா. சரி.

ஏய் பேச்சி! பேச்சியம்மா! இங்க வாடி வெளிய! ஒனக்குத் தெரியும்ல? மேல கடை வெச்சிருக்குறது யாருன்னு ஒனக்குத் தெரியும்ல? தெரிஞ்சுதான நான் கத்துறப்பெல்லாம் உள்ள போயி ரேடியோவ வெச்ச? வர மாட்டா. இப்பவும் ரேடியோ சத்தத்தக் கூட்டுறா பாருங்க. குடும்பமே சேர்ந்து என்னை முட்டாளாக்குதுக.

சரி, சொல்லுங்க. வேற என்ன சொன்னா? இல்ல, அப்டியே சொல்லுங்க, அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க. கீழ எறங்குன உடனே வண்டி பட்பட்னு அடிக்கும், பயப்படாதீங்க. இந்த செட்டிங்கு மேல ஓடுறதுக்கு, கீழ ஒத்து வராது. ம். அப்பறம்? காட்ரோட்டுல மஞ்சப் பெயிண்ட்டு டப்பா தொங்குற கடை ஒண்ணு இருக்கு. அங்கதான் நிப்பாட்டணும், வேற யார்கிட்டயும் குடுக்கக் கூடாது. அவரு வைவாரு. வைஞ்சுக்கிட்டேதான் பாப்பாரு. ஆனா கீழ ஓடுறதுக்கு அவர மாதிரி வெக்க இந்த ஜில்லாவுல ஆளு இல்ல.

ஜில்லாவுல ஆளு இல்லன்னா சொன்னா? அவளா சொன்னா?

எல்லாருகிட்டயும் இதையே சொல்லித்தான் அனுப்புறாளா. அந்தக் காரட் வியாபாரிகிட்டயும் சொல்லியிருப்பா. இருமலப் பத்தி அவன் கேட்டானே, படுபாவி, அப்பவே சொல்லித் தொலைக்கக் கூடாதா?

என்ன? திரும்பி மேல வர்றப்ப அவகிட்ட ஒண்ணு சொல்லணுமா? என்னத்தச் சொல்லணும்? வைஞ்சாரா இல்லையான்னு சொல்லணுமா? எதுக்காம்?

வைஞ்சாருன்னா நல்லா இருக்காருன்னு அர்த்தமாம்.

அறிவு இருக்கா தம்பி அவளுக்கு? கேக்குறேன், அறிவு இருக்கா? பெத்த அப்பன் எப்டி இருக்கான்னு தெரிஞ்சுக்கணும்னா ஒரு போன் போட்டுக் கேக்குறது. ஊருல வர்றவன் போறவன் வண்டியக் கெடுத்தா... கெடுக்கல, சரி, கெடுக்கல... ஊரு வண்டிய எல்லாம் அனுப்பியா கேக்குறது? போன் போட்டா நான் எடுக்க மாட்டேன். ஒரு தடவை போட்டா, எடுக்கல. அது வேற விஷயம். இன்னொரு தடவை போட வேண்டியதுதான? மூணாவது தடவை போட வேண்டியதுதான? அந்தப் பிடிவாதம் எங்க இருந்து வந்துச்சு அவளுக்கு? அவ அம்மாகிட்ட இல்ல. எங்க இருந்துதான் வந்துச்சோ.

எந்திரிங்க. ஸ்டார்ட் பண்ணுங்க. வேலையப் பாப்போம். நீங்க ஊருக்குப் போகணும்ல.

பாருங்க, மொதல்ல ஸ்க்ரூவ உள்ள முட்டுற வரைக்கும் மெதுவாத் திருப்பணும். அழுத்தக் கூடாது, முனை நசுங்கிரும். எண்ணிக்கிட்டே திருப்புறேன். ஒண்ணு. ரெண்டு. ரெண்டேகால். ஆத்தி, ரெண்டேகால் சுத்து வெளிய வெச்சிருக்கா. கழுதை. சரி, இப்ப முட்டிருச்சு. இங்க இருந்து ஒன்றரைச் சுத்து வெளிய. இப்ப காதால கேக்கணும். கொஞ்சம் வெளிய... சத்தம் தளருது. கொஞ்சம் உள்ள... ம், ஏறுது, ஏறுது. இங்கதான். சத்தம் நல்லா ஏறி ஒரே சீரா நிக்குது பாருங்க. ஸ்லோ ஸ்பீடக் கொஞ்சம் கொறைக்கிறேன். ரேஸ் குடுங்க. விடுங்க. பட்பட்டு இருக்கா? இல்ல. டக்குனு எறங்கி நின்னுருச்சா? அம்புட்டுத்தான் வேலை. பிளக்க நாளைக்கு ஊருல கழட்டிப் பாருங்க, பிஸ்கட்டு நெறம் வரலன்னா எம் பேரு சீலமுத்து இல்ல.

அந்த மஞ்ச டப்பாவ எடுங்க. ஸ்க்ரூ தலையில அவ பொட்டுக்குப் பக்கத்துல ஒண்ணு. இங்க பாடியில ஒண்ணு. அவ வெச்ச எடத்துல அந்தச் செகப்பு இருக்கட்டும், நான் தொடல. பாத்தீங்களா? இது மஞ்ச, இது செகப்பு. ரெண்டும் தெரியுதுல்ல?

என்ன சொல்றீங்க? அப்ப மேல போனா செகப்புக்கும் கீழ வந்தா மஞ்சளுக்கும் நீங்களே திருப்பிக்கலாமேங்கிறீங்களா? திருப்புவீங்க திருப்புவீங்க! கையத் தொட்டீங்கன்னா பாருங்க! அடையாளம் தெரிஞ்சா ஆச்சா? காதுல கேக்க வேண்டாமா? மேல போனீங்கன்னா நேரா அவகிட்டயே குடுங்க. அவ திருப்பட்டும். கீழ எறங்குனா இங்க வாங்க, நான் திருப்புறேன். நடுவுல யாரும் கை வெக்க வேண்டாம். ஒவ்வொரு வாரமும் வாங்க. காசெல்லாம் பையில வைங்க, மொதல்ல வண்டிய எடுங்க.

இன்னும் ஒண்ணு. மலையில காத்துக் கம்மின்னு நான் ஒத்துக்கிட்டேன்னு போயிச் சொல்லிராதீங்க. ஒத்துக்கல. அவ வந்து எம் முன்னாடி நின்னு சொல்லட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன். எறங்குறதுக்கு வாந்தி வராதுல்ல அவளுக்கு? இல்லன்னா ஒரு எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டு நானே... சரி விடுங்க, அது வேற விஷயம்.

இருமல் இல்லன்னு சொல்லுங்க. இப்ப இருமுனது புகைக்கு. தேனு வந்துச்சு, குடிக்கிறேன்னு சொல்லுங்க. அப்பறம் கேப்பாள்ல, வைஞ்சாரான்னு? ஆமான்னு சொல்லுங்க தம்பி. வண்டி வந்து நின்னதுல இருந்து கெளம்புற வரைக்கும் வாய் ஓயவே இல்லன்னு சொல்லுங்க. நல்லா வைஞ்சாருன்னு சொல்லுங்க.